6 மாசப் பாடத்த 12 வாரத்துல முடிக்கலாமாம், சேரலாமா அக்கா?

போன இதழ்ல ஆன்லைன் கிராஷ் கோர்ஸ் பத்தி ரெண்டு வரி எழுதினாலும் எழுதினேன், இந்த தடவ வந்த கேள்வியில முக்காவாசி அதப் பத்தியேதான். அதுலயும் பாம்பன், கீழக்கரை, தொண்டி, உச்சிப்புளின்னு நம்ம கடக்கரை ஊருங்கதான் நெறைய. நானும் மண்டபத்துல உக்காந்துக்கிட்டு இப்படி ஒரு கோர்ஸ்ல சேர்ந்து பாதியில ஓடி வந்தவதான், அப்புறம் வேற ஒண்ணுல சேர்ந்து முடிச்சேன். அதனால சமையல் கேள்வி, மாமியா கேள்வி எல்லாம் அடுத்த தடவ பாத்துக்குவோம்.

கேள்வி: அக்கா, நான் பிஎஸ்சி மேத்ஸ் முடிச்சு ஒரு வருசமா வீட்டுலதான் இருக்கேன். டேட்டா அனலிடிக்ஸ் கோர்ஸ் ஒண்ணு பாத்தேன், 6 மாசப் பாடத்த 12 வாரத்துல முடிப்பாங்களாம், டெய்லி 2 மணி நேரம் ஒதுக்கினா போதும்னு போட்டிருக்காங்க. அப்பா விசைப்படகு, திங்கள் புதன் சனி கடல். அம்மா அமாவாசை பௌர்ணமிய ஒட்டி கடல்பாசி எடுக்கப் போவாங்க. தம்பி பிளஸ் டூ படிக்கிறான். சேர்றதுக்கு முன்னாடி நான் எதுக்கெல்லாம் தயாரா இருக்கணும்?
- வாசகி, பாம்பன்

பதில்: தங்கச்சி, மொதல்ல அந்த 2 மணி நேரத்துக்கு வருவோம். அது லைவ் கிளாஸ் நேரம் மட்டும். வெளம்பரத்துல அத மட்டுந்தான் போடுவாங்க, கிளாஸ் முடிஞ்சப்புறம் நீங்களா உக்காந்து போட்டுப் பாத்து, தப்பாகி, திரும்ப போட்டுப் பாக்குற நேரத்த எவனும் போட மாட்டான்.

ஒரு கணக்கு போடுங்க, நீங்க மேத்ஸ்தானே. 6 மாசம், வாரத்துக்கு 6 நாளு, நாளைக்கு 2 மணி நேரம்னு வச்சாலே 312 மணி நேரம் வருது. அத 12 வாரத்துக்குள்ள அடைச்சா வாரம் 26, ஒரு நாளைக்கு நாலே கால் மணி நேரத்துக்கும் மேல. வேகமான கோர்ஸ்னா பாடம் குறைச்சலா இருக்கும்னு நம்ம நெனச்சுக்குறோம், பாடம் அதேதான், மணிக்கணக்கும் அதேதான், நாளு மட்டுந்தான் குறையுது. அமெரிக்க காலேஜுங்கள்ல 15, 16 வார செமஸ்டர் பேப்பர 8 வாரத்துல நடத்துற வழக்கம் இருக்கு. 3 கிரெடிட் (பாடம் எவ்ளோ பெருசுன்னு போடுற கணக்கு) பேப்பர்னா வாரம் 3 மணி நேரம் கிளாஸ், அதுக்கு ரெண்டு மடங்கு வெளிய உக்காந்து படிக்கணும்ங்கிறது அவங்க பழைய கணக்கு, ஆக வாரம் 9. அதையே 8 வாரத்துக்கு சுருக்கினா வாரம் 17 மணி நேரத்துக்குப் போயிருது. ஒரே ஒரு பேப்பருக்கு!

இப்ப கேள்வி என்னன்னா, அந்த நாலே கால் மணி நேரம் உங்க வீட்டுல எங்கேருந்து வரும்? ஒரு நாளைக்கு 24 மணி நேரந்தான், ஏற்கனவே அது பூராம் எதுலயோ ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, நீங்க எடுக்குற நேரம் இன்னொருத்தர் தலையில போய் விழும். இதத்தான் சேர்றதுக்கு முன்னாடி வீட்டுல உக்காந்து பேசணும், நான் மொத தடவ பேசல, அதான் என் கத.

உங்க வீட்டுக்கு நான் என்ன சொல்வேன்னா, செவத்துல தொங்குற காலண்டர எடுங்க, அமாவாசை பௌர்ணமி அதுலயே போட்டிருக்கும். அம்மா பாசிக்குப் போற நாளு எல்லாத்துலயும் பென்சில்ல ஒரு கோடு. 12 வாரத்துல அந்த மாதிரி அஞ்சாறு தடவ வரும், ஒவ்வொரு தடவையும் நாலஞ்சு நாளு. அந்த நாள்ல வெள்ளன அம்மா கெளம்பிருவாங்க, சோறு, தண்ணி, தம்பி டிபன் எல்லாம் உங்க தலையில. அப்பா படகு கரைக்கு வர்ற காலையில வீடு எப்படி இருக்கும்னு நான் உங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. கோடு போட்ட வாரத்துல 26 மணி நேரம் கெடைக்காது, 18 கெடைச்சா பெருசு, அதனால அதுக்கு முந்துன வாரத்துலயே கொஞ்சம் முன்னால ஓடி வச்சுக்கணும். இல்லன்னா தம்பிக்கிட்ட "அந்த நாலு நாளு காலை வேல உன்னோடது"ன்னு இப்பவே எழுதி வாங்கிக்கணும். பிளஸ் டூ பையன், பரீட்ச இருக்குன்னு பாவமா மூஞ்சிய வப்பான், குக்கர்ல ரெண்டு டம்ளர் அரிசி போட்டு மூணு விசில் விட எந்த பரீட்சையும் கெட்டுப் போகாது.

எனக்கு நடந்தத சொல்றேன். நான் மொத தடவ சேர்ந்தது ஐப்பசியில. அப்ப ஏதோ ஆஃபர். வாடக்காத்து அடிக்க ஆரம்பிச்சா வடகடல் பக்கம் என்ன ஆகும்னு தெரிஞ்சும் சேர்ந்தேன் பாருங்க. வீட்டுக்காரர் படகு கரையில, அவரு வீட்டுல. மழ லீவு விட்டு பிள்ளைங்களும் வீட்டுல. கரன்ட் எப்ப வரும் எப்ப போகும்னு தெரியாது. மொத வாரம் ஜோரா போச்சு, எல்லாருக்கும் மொத வாரம் ஜோராத்தான் போகும், ஹாய் சொல்றதும் சாஃப்ட்வேர் இறக்குறதும்தானே. ரெண்டாவது வாரம் மூச்சு வாங்கிச்சு. மூணாவது வாரம் வியாழக்கிழம ராத்திரி 11.59க்குள்ள அசைன்மென்ட் ஏத்தணும், பத்தரைக்கு கரன்ட் போச்சு, லேப்டாப்புல 20 பர்சன்ட் சார்ஜ், போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு மாடிப்படியில உக்காந்திருக்கேன், ஒரு டேபிள்ல தேதி எல்லாம் மாசமும் நாளும் எடம் மாறி கெடக்குது, ஏன்னே புரியல. அது ஒரு சின்ன செட்டிங்தான்னு இப்ப தெரியும். சரி பண்ணி ஏத்துறப்ப மணி 12.03. பக்கம் மூடிருச்சு. அழுகையெல்லாம் வரல, உள்ள போய் ஊற வச்ச அரிசி உளுந்த பாத்தேன், கரன்ட் இல்லாம அதையும் அரைக்க முடியாது, படுத்துட்டேன். அடுத்த வாரத்தோட அந்த கோர்ஸ் போச்சு, கட்டின காசும் போச்சு.

அதனால மூணாவது, நாலாவது வாரம் பள்ளம்னு மொதல்லயே மனசுல வச்சுக்கங்க. உங்களுக்கு மூள இல்லன்னு அப்பத்தான் தோணும், பேட்ச்ல பாதிப் பேருக்கு அதே சமயம் அதேதான் தோணும், குரூப்ல யாரும் சொல்ல மாட்டாங்க. இன்னொண்ணு, சாதா காலேஜ்ல ரெண்டு நாள் மேலுக்கு முடியலன்னா போனது ரெண்டு நாளு. இதுல ரெண்டு நாள் போனா நாலு நாள் பாடம் போன மாதிரி, அடுத்த கிளாஸ் அதுக்கு மேல கட்டிக்கிட்டே போயிரும். அதனால சேர்றப்பவே கேளுங்க, ரெக்கார்டிங் தருவாங்களா, எத்தன மாசம் வரைக்கும் பாக்கலாம், லேட்டா குடுத்தா மார்க் குறைப்பாங்களா இல்ல வாங்கவே மாட்டாங்களா, நடுவுல முடியலன்னா அடுத்த பேட்ச்சுக்கு மாத்துவாங்களா, மாத்துனா திரும்ப காசா. சந்தேகம் கேட்டா யாரு பதில் சொல்வாங்க, பாடம் எடுக்குறவரா இல்ல போன பேட்ச் முடிச்ச பையனான்னும் கேளுங்க. பையன்னாலும் தப்பில்ல, எனக்கு சாருங்கள விட அந்தப் பிள்ளைங்க சொன்னதுதான் புரிஞ்சுச்சு, ஆனா ராத்திரி ஒம்பதுக்கு கேட்டா பதில் வருமா மறுநா மத்தியானம் வருமாங்கிறது முக்கியம்.

டெமோ கிளாஸ பாத்து மயங்காதீங்க. டெமோன்னா நல்லா பேசுறவரத்தான் அனுப்புவாங்க. "நாலாவது வார அசைன்மென்ட் ஒண்ண காட்டுங்க"ன்னு கேளுங்க, பாத்தா உங்களுக்கே தெரிஞ்சிரும் எந்த ஒசரத்துக்கு ஏறணும்னு. காட்ட மாட்டேன்னு சொன்னா அதுவும் ஒரு பதில்தான்.

கடைசியா, காசு கட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வாரம் ஒத்திகை பாருங்க. ஐஐடிங்க சேர்ந்து நடத்துற ஆன்லைன் பாடத் தளம் என்பிடெல்ல புள்ளியியல் பாடம் ஏதாவது ஒண்ணு ஓசியில போட்டு, டெய்லி நாலே கால் மணி நேரம், அம்மா பாசிக்குப் போற வாரமா பாத்து உக்காந்து பாருங்க. வீடு எந்த எடத்துல கிழியுதுன்னு அந்த ஒரு வாரத்துல தெரியும்.

கேள்வி: லேப்டாப் இல்லாம போன்லயே படிக்க முடியுமா? டெய்லி 1.5 ஜிபி பேக் போட்டிருக்கேன்.
- உச்சிப்புளி

பதில்: கிளாஸ் கேக்க முடியும், வேல செய்ய முடியாது. கோடிங், எக்செல் மாதிரி கோர்ஸ்னா லேப்டாப் கட்டாயம், பழசா இருந்தாலும் சரி, செகண்ட் ஹேண்ட் பாத்து வாங்குங்க. லைவ் வீடியோ கிளாஸ் ஒரு மணி நேரத்துக்கு 1 ஜிபி பக்கம் இழுக்கும், நல்ல குவாலிட்டியில வச்சா இன்னும் மேல, அப்ப உங்க பேக் ரெண்டாவது மணி நேரத்துல மூச்ச விட்டுரும். கேமராவ அணைச்சு வைங்க, குவாலிட்டிய குறைங்க, வேற கம்பெனி சிம் ஒண்ணு கையில இருக்கட்டும். வீட்டுக்கு ஃபைபர் வந்திருந்தா அந்த 3 மாசத்துக்கு மட்டுமாவது போட்டுருங்க. அப்புறம் நம்ம ஊரு உப்புக்காத்து. என் லேப்டாப் சார்ஜர் குத்துற எடத்துல பச்ச பூத்து, ஆட்டி ஆட்டி குத்தினாத்தான் சார்ஜ் ஏறும்ங்கிற நெலமைக்கு வந்துச்சு. சன்னல் ஓரமா வச்சு படிக்காதீங்க, முடிஞ்சதும் பைக்குள்ள போட்டு மூடிருங்க.

கேள்வி: மகன் டிப்ளமோ முடிச்சிருக்கான். 16 வார ஆன்லைன் கோர்ஸ், ஃபீஸ் 85,000 ரூபா. நோ காஸ்ட் இஎம்ஐ, வட்டியே கெடையாதுன்னு சொல்றாங்க. அவன் வாப்பா துபாயில இருக்காங்க, வட்டிங்கிற பேச்சே அவங்களுக்கு ஆகாது. அந்த கம்பெனி பிள்ள டெய்லி மூணு தடவ போன் பண்ணுது, இன்னைக்கு ராத்திரி 12 மணிக்குள்ள 5,000 கட்டினா 20,000 தள்ளுபடியாம், 100 சதவீதம் பிளேஸ்மென்ட்டாம். கட்டிரலாமா?
- ஒரு உம்மா, கீழக்கரை

பதில்: ராத்தா, இன்னைக்கு ராத்திரி கட்டாதீங்க. நாளைக்கும் அந்தப் பிள்ள போன் பண்ணும், தள்ளுபடியும் அங்கயேதான் இருக்கும். பண்ணலன்னா 5,000 மிச்சம்.

இஎம்ஐங்கிறது கோர்ஸ் கம்பெனிக்கு நீங்க மாசாமாசம் கட்டுறது இல்ல. உங்க பேர்லயோ மகன் பேர்லயோ ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி கடன் போடும், மொத்த ஃபீஸும் கோர்ஸ்காரங்களுக்கு போயிரும், அப்புறம் நீங்க கடன்காரங்க, அவ்ளோதான். மகன் அஞ்சாவது வாரத்துல புடிக்கலன்னு எந்திரிச்சு வந்தாலும் கடன் எந்திரிச்சு வராது, பேங்க்ல ஆட்டோ டெபிட் போய்க்கிட்டே இருக்கும், பணம் இல்லாம பவுன்ஸ் ஆனா பேங்க்ல ஒரு அபராதம், ஃபைனான்ஸ்ல ஒரு அபராதம், நம்ம கடன் கணக்கெல்லாம் பதியுற சிபில்லயும் ஏறிரும். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்டுப் போறப்ப அது முன்னால வந்து நிக்கும்.

வட்டி இல்லன்னு சொல்றாங்களே, அது எப்படி? ஃபைனான்ஸ் கம்பெனிக்காரன் தர்மத்துக்கு குடுப்பானா. வட்டிய கோர்ஸ் ஃபீஸுக்குள்ளயே வச்சிருப்பாங்க, இல்லன்னா பிராசஸிங் ஃபீஸ்னு ஒரு பேர்ல வாங்குவாங்க. ஜீரோ பர்சன்ட் வட்டிங்கிறதே இல்லாத ஒண்ணுன்னு 2013லயே ரிசர்வ் பேங்க் பேங்குங்களுக்கு எழுதியிருக்கு. வாப்பாவுக்கு வட்டி ஆகாதுன்னா இத அவங்ககிட்ட மறைக்காம சொல்லிருங்க. ஒரே தடவையா காசா கட்டினா எவ்ளோன்னு அந்தப் பிள்ளைகிட்ட கேட்டுப் பாருங்க, தொக திடீர்னு எறங்கும், அந்த வித்தியாசத்துக்கு என்ன பேருன்னு உங்களுக்கே தெரியும்.

கடன்தான் வேணும்னா, கையெழுத்துக்கு முன்னாடி கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்னு ஒரு தாள் குடுக்கணும், அதுல வருச வட்டி, எல்லா கட்டணமும் சேத்து மொத்தம் எவ்ளோன்னு இருக்கும். ஆன்லைன்ல வாங்குற கடனுக்கு கூலிங் ஆஃப்னு ஒரு அவகாசமும் உண்டு, அதுக்குள்ள வேணாம்னு சொன்னா அசலையும் அந்த நாளு வரைக்குமான வட்டியையும் கட்டிட்டு அபராதம் இல்லாம வெளிய வந்துரலாம், எத்தன நாளுன்னு அந்தத் தாள்ல பாருங்க. போன்ல ஓடிபி கேட்டா எதுக்குன்னு தெரியாம சொல்லிறாதீங்க, அந்த நாலாறு நம்பர்தான் இப்ப கையெழுத்து.

100 சதவீதம் பிளேஸ்மென்ட்னு சொன்னதயும் எழுத்துல கேளுங்க. முக்காவாசி "பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்"னுதான் எழுதியிருக்கும், அதாவது வேலைக்கு ஆள் எடுக்குற லிங்க் அனுப்புவாங்க. ஃபீஸ் திரும்பத் தருவோம்னா எந்த நாளுக்குள்ள, எதக் கழிச்சுக்கிட்டு, இதுவும் மெயில்ல. வாய்ச்சொல் எல்லாம் கடல்ல கரைச்ச பெருங்காயம். ஏற்கனவே கட்டி மாட்டிக்கிட்டவங்க யாராவது இத படிச்சா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, ரசீதையும் பேசின மெசேஜையும் எடுத்து வச்சுக்கிட்டு கூப்பிடுங்க.

அப்புறம் ராத்தா, நீங்க இவ்ளோ எழுதினதுல மகன் என்ன சொல்றான்னு ஒரு வரி இல்ல. 16 வாரம் உக்காரப் போறது அவன்தானே, அவனையும் ஒரு வார்த்த கேட்டுருங்க.

கேள்வி: வயசு 41. ஐஸ் பிளான்ட்ல கணக்கு பாக்குறேன். ராத்திரி நேர கோர்ஸ் ஒண்ணு சேரலாம்னு யோசன. சின்னப் பசங்களுக்கு ஈடு குடுக்க முடியுமா? படிச்சது எதுவும் மண்டையில நிக்கிறதில்ல.
- தொண்டி

பதில்: அண்ணே, வேகத்துல ஈடு குடுக்க முடியாது, அத விட்டுருங்க. அந்தப் பசங்க கை கீபோர்டுல ஓடுறத பாத்தா பயமாத்தான் இருக்கும். ஆனா எங்க பேட்ச்ல விறுவிறுன்னு பதில் சொன்ன நாலஞ்சு பேரும் அதே பாடத்த ஏற்கனவே காலேஜ்ல பாதி படிச்சவங்கன்னு எனக்கு கடைசி வாரந்தான் தெரிஞ்சுச்சு. நீங்க 41 வயசுல கணக்கு பாக்குறவரு, ஒரு நம்பர் தப்பா இருந்தா கண்ணு தானா அங்க போகும், அது அவங்களுக்கு கெடையாது.

மண்டையில நிக்காதது வயசால மட்டும் இல்ல. 1885லயே எபிங்காஸ்னு ஒரு ஜெர்மன்காரரு அர்த்தமே இல்லாத அசைங்கள மனப்பாடம் பண்ணி தனக்குத்தானே சோதிச்சுப் பாத்து எழுதி வச்சிருக்காரு, படிச்சதுல பெரிய பங்கு மொத நாள்லயே கழண்டுரும், அப்புறம் மெதுவாத்தான் கழலும். வேகமான கோர்ஸ்ல இதுதான் பெரிய ஆபத்து, திரும்பிப் பாக்க நாளு விட மாட்டாங்க, நேத்து படிச்சது ஒட்டுறதுக்குள்ள இன்னைக்குப் பாடம் மேல வந்து விழும். இதுக்கு நான் பண்ணினது ஒண்ணுதான், காலையில டீ போடுறப்ப நேத்து போட்ட கணக்குல ரெண்ட நோட்ட மூடி வச்சுட்டு வெறுந்தாள்ல போட்டுப் பாப்பேன், 15 நிமிசம். வராதது எதுன்னு தெரிஞ்சா அத மட்டும் பாத்தா போதும். ராத்திரி நேர கோர்ஸ்ங்கிறீங்க, 12 மணிக்கு மேல முழிச்சு படிக்காதீங்க, தூக்கத்த வெட்டி படிச்சா மறுநா ஐஸ் பிளான்ட் கணக்கும் தப்பும், பாடமும் நிக்காது.

கேள்வி: ரெக்கார்டிங்க 1.5 வேகத்துல, 2 வேகத்துல ஓட்டி பாத்தா நேரம் மிச்சமாகும்ல?
- கல்லூரி மாணவன், ராமநாதபுரம்

பதில்: தெரிஞ்ச பாடத்துக்கு ஆகும். புதுசுக்கு 2ல ஓட்டி, மூணு தடவ பின்னால இழுத்தா என்ன மிச்சம் தம்பி? வீடியோ பாக்குறது படிப்பும் இல்ல, நிறுத்திட்டு அவரு போடுறதுக்கு முன்னாடி நீங்க போட்டுப் பாக்குறதுதான் படிப்பு.

கேள்வி: இந்த மாதிரி கோர்ஸ் சர்டிபிகேட் எங்கயாச்சும் செல்லுமா? காசு கம்மியா வேற வழி இருக்கா?
- ஏர்வாடி

பதில்: பட்டம்னு சொன்னா, அந்த பல்கலைக்கழகத்துக்கு ஆன்லைன்ல நடத்த பல்கலைக்கழக மானியக் குழு, அதான் யுஜிசி, அனுமதி இருக்கான்னு யுஜிசி தொலைதூரக் கல்விப் பிரிவு இணையதளத்துல போய் பாருங்க, லிஸ்ட் அங்க இருக்கும். தனியார் கிராஷ் கோர்ஸ் தாளு பட்டம் கெடையாது, நீங்க செஞ்ச புராஜெக்ட்ட காட்டுறப்ப அதுக்குத் துணையா நிக்கும், தனியா நிக்காது.

காசு கம்மின்னா என்பிடெல். 4, 8, 12 வாரம்னு இருக்கும், சேர்ந்து படிக்க ஓசி, சர்டிபிகேட் வேணும்னாதான் பரீட்சைக்கு ஒரு பேப்பருக்கு 1,000 ரூபா அளவுல கட்டணும், பரீட்ச சென்டருக்கு நேர்ல போய் எழுதணும். வாராவாரம் வர்ற அசைன்மென்ட் எல்லாத்துக்கும் சேத்து 25 மார்க், பரீட்சைக்கு 75. 25க்கு 10ம் 75க்கு 30ம் எடுத்தாத்தான் சர்டிபிகேட், ஒண்ண வச்சு இன்னொண்ண சரிக்கட்ட முடியாது. காலேஜ்ல படிக்கிறவங்க கேட்டுப் பாருங்க, 4 வாரத்துக்கு 1 கிரெடிட், 8க்கு 2, 12க்கு 3ன்னு சேத்துக்குற காலேஜ் இருக்கு. தமிழ்நாடு அரசோட திறன் பயிற்சித் திட்டம் நான் முதல்வன் 2022ல ஆரம்பிச்சது, காலேஜ் பிள்ளைங்க அதுல என்ன இருக்குன்னு பாக்காம 50,000 கட்டுறது எனக்கு வயிறு எரியுது. சென்னை ஐஐடியோட டேட்டா சயின்ஸ் பிஎஸ் படிப்புல உள்ள நுழையவே 4 வாரப் பாடம், வாரம் வாரம் அசைன்மென்ட், அப்புறம் நேர்ல ஒரு பரீட்சன்னு வச்சிருக்காங்க. வேகமான படிப்பு நமக்கு ஒத்து வருமான்னு பாக்க அந்த 4 வாரம் நல்ல ஒரைகல்லு.

கேள்வி: கிளாஸ் முழுக்க இங்கிலீஷ்ல. வாயத் தொறக்க பயமா இருக்கு. சிரிப்பாங்களா?
- மண்டபம் முகாம்

பதில்: நம்ம ஊருக்காரி! சிரிக்க யாருக்கும் நேரம் இருக்காது, அவங்க அவங்க அசைன்மென்ட்டே தொண்ட வரைக்கும் இருக்கும். வாயால கேக்க வரலன்னா சாட்ல டைப் பண்ணுங்க, நான் ரெண்டு வாரம் அப்படித்தான் ஓட்டினேன். மூணாவது வாரம் ஒரு நாள் மைக் ஆன்ல இருக்குறது தெரியாம வாசல்ல வந்த மீன்காரம்மாகிட்ட "நகர மீனு கிலோ என்ன வெல"ன்னு கேட்டுட்டேன், 60 பேருக்கும் கேட்டுருச்சு. பாடம் எடுத்தவரு தூத்துக்குடிக்காரராம், கிளாஸ் முடிஞ்சு தனியா மெசேஜ் போட்டாரு, என்ன வெலக்கி குடுத்தாங்கன்னு. அன்னைலேர்ந்து அவருகிட்ட தமிழ்லயே கேட்டேன்.

பாம்பன் தங்கச்சிக்கு இன்னொரு வரி, பேட்ச் எப்ப ஆரம்பம்னு நீங்க எழுதல. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு மீன்பிடி தடைக்காலம், அப்பா வீட்டுல, வருமானம் நிக்கும். ஜனவரி பாதிக்குள்ள சேர்ந்தா தடைக்கு முன்னாடி முடிச்சிரலாம், மார்ச்ல சேர்ந்தா நடுவுல வந்து மாட்டும். தேதிய எழுதுங்க, பாத்து சொல்றேன்.